தாய் ஸ்ட்ரக்ட்டில் எதை வைப்பது? – கணினி கேள்வி பதில்

போன இதழில், சி மொழியில் சின்னதாக ஒரு பட்டன்-ஜன்னல் லைப்ரரியைச் சொந்தமாக எழுதிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்த எல்லோரும் முதல் நாளே ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அடிப்படைப் பொருளைப் பற்றியவை. அதாவது பட்டன், லேபிள், பட்டியல் எல்லாவற்றுக்கும் தாயாக இருக்கும் அந்த ஒரு ஸ்ட்ரக்ட். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கோடு அச்சடித்தால் பக்கம் வடிவமைப்பவர் சண்டைக்கு வருவார். வாயாலேயே சொல்கிறேன்.

சி-யில் இன்ஹெரிட்டன்ஸ் கிடையாது. பட்டனும் லேபிளும் ஒரே பொதுப் பொருளிலிருந்து வருவதாக எப்படி எழுதுவது? அதில் என்னென்ன இருக்க வேண்டும்? இடம், அளவு, நிறம், எழுத்துரு, டூல்டிப், கர்சர் என்று போட்டுக்கொண்டே போய் இருபது வரி ஆகிவிட்டது.
– இறுதியாண்டு மாணவி, குப்பம்

முதல் பாதி சுலபம். பட்டன் ஸ்ட்ரக்ட்டின் முதல் உறுப்பாகப் பொதுப் பொருளை அப்படியே வையுங்கள். பாயிண்டராக இல்லை, முழு ஸ்ட்ரக்ட்டாக. முதல் உறுப்புக்கு முன்னால் கம்பைலர் காலி இடம் விடக்கூடாது, ஸ்ட்ரக்ட்டின் முகவரியும் முதல் உறுப்பின் முகவரியும் ஒன்றுதான் என்று சி ஸ்டாண்டர்டே உறுதி தருகிறது. ஆகவே பட்டனின் பாயிண்டரைப் பொதுப் பொருளின் பாயிண்டராகக் கேஸ்ட் செய்து கொடுக்கலாம், திரும்பவும் வாங்கலாம். திரும்ப வாங்கும்போது மட்டும் அது நிஜமாகவே பட்டன்தானா என்று பார்க்க வழி வேண்டும்.

அதற்குத்தான் பொதுப் பொருளின் முதல் வரியில் கிளாஸ் பாயிண்டர். வரை, அளவு சொல், தொடுகையை வாங்கு, அழி என்று ஃபங்ஷன் பாயிண்டர்கள் கொண்ட ஒரு மேஜையை (டேபிள், அதாவது அட்டவணை) கிளாஸுக்கு ஒன்றாகச் செய்து, ஒவ்வொரு பொருளும் தன் கிளாஸின் மேஜையைச் சுட்டிக் காட்டட்டும். பலரும் ஃபங்ஷன் பாயிண்டர்களை நேராகப் பொருளுக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு ஃபங்ஷன் என்றால் 64-பிட் மெஷினில் ஒரு பட்டனுக்கு 96 பைட். பட்டன், லேபிள் மாதிரி இருநூறு விட்ஜெட் (திரைப் பொருள்) இருந்தால் 19,200 பைட். கிளாஸ் பாயிண்டராக வைத்தால் அதே இருநூறுக்கு 1,600 பைட் போதும். டெஸ்க்டாப்பில் இது கொசுக்கடி, மைக்ரோகன்ட்ரோலரில் இல்லை. கிளாஸ் மேஜையில் பெயர், பொருளின் அளவு, தாய்க் கிளாஸின் பாயிண்டர் மூன்றையும் சேர்த்து வையுங்கள். தாய் வழியாக ஏறிப் போய் ‘இது பட்டன் வகையா’ என்று கேட்கும் ஃபங்ஷன் ஐந்து வரிகூட வராது.

இரண்டாம் பாதிக்கு, அதாவது உங்கள் இருபது வரிக்கு வருவோம். அதில் பதினைந்தை அடித்துவிடுங்கள்.

1980-களின் கடைசியில் யூனிக்ஸ் மெஷின்களின் திரை அமைப்பான எக்ஸ் விண்டோவுக்காக வந்த எக்ஸ்டி இன்ட்ரின்சிக்ஸ் முழுக்க சி-யில் எழுதிய பொருள் அமைப்பு. முதல் உறுப்பு வித்தை, கிளாஸ் மேஜை எல்லாம் அதிலேயே உண்டு. அதன் தாய்க்குக் கோர் என்று பெயர். இடம், அகலம், உயரம், பார்டர், பின்னணி நிறம், இதெல்லாம் போதாது என்று ஒவ்வொன்றுக்கும் எக்ஸ் சர்வரில் சொந்தமாக ஒரு விண்டோ. அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு லேபிளுக்கும் விண்டோ! மெமரி தாங்கவில்லை. அதன் மேல் மோட்டிஃப் என்ற பட்டன்-ஜன்னல் லைப்ரரி வந்தபோது விண்டோ இல்லாத பட்டன், லேபிளுக்கென்று ‘கேட்ஜெட்’ என்று தனி இனமே உண்டாக்கினார்கள். அவற்றுக்கு இடம் கொடுக்க, கோருக்கும் கீழே ஆப்ஜெக்ட், ரெக்ட்ஆப்ஜெக்ட் என்று இரண்டு அடுக்குகளை முறைப்படி வைக்க வேண்டி வந்தது. வீடு கட்டிக் குடிபோன பிறகு அஸ்திவாரம் தோண்டிய கதை.

ஆகவே நீங்கள் முதலிலேயே இரண்டு அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ‘பொருள்’: கிளாஸ் பாயிண்டர், ஓர் அடையாள எண், சில ஃபிளாக். அவ்வளவுதான். அதன் மேல் ‘விட்ஜெட்’: தாய், பிள்ளை, செவ்வகம். (இங்கே தாய் என்பது வேறு: டயலாக் தன் பட்டனை வைத்திருப்பது போல, திரையில் பிள்ளையைத் தனக்குள் வைத்திருப்பது.) டைமருக்கும் படத்துக்கும் எழுத்துருவுக்கும் பிறப்பு இறப்பு உண்டு, ஆனால் திரையில் இடம் கிடையாது. அவை அடியடுக்கோடு நின்றுவிடும். டூல்டிப், கர்சர் மாதிரி நூற்றில் ஒன்றுக்கு மட்டும் வேண்டியதை ஒரே ஒரு பாயிண்டருக்குப் பின்னால் தள்ளி, யாராவது கேட்டால் மட்டும் மெமரி வாங்குங்கள். சின்னச் சில்லுகளில் ஓடும் எல்விஜிஎல் லைப்ரரி இதைத்தான் செய்கிறது. அதில் பிள்ளைகள் பட்டியலும் ஸ்க்ரோல் நிலையும்கூட அந்தத் தனிப் பெட்டியில்தான். பிள்ளையே இல்லாத லேபிளுக்கு அந்தச் செலவு இல்லை.

நிறமும் எழுத்துருவும்? ஸ்டைல் என்று தனிப் பொருளாக்கி, எல்லோரும் சுட்டிக்கொள்ளட்டும்.

‘சரி’ பட்டனை அழுத்தினால் அந்த டயலாக் மூட வேண்டும். மூடுகிறது. ஆனால் எப்போதாவது ஒரு தடவை மொத்த ப்ரோக்ராமும் படுத்துவிடுகிறது. எங்கே தேடுவது?
– வாசகர், மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்

எப்போதாவது மட்டும் படுப்பதுதான் வம்பு. தினமும் படுத்தால் அன்றைக்கே பிடித்திருப்பீர்கள்.

நடப்பது இதுதான். தொடுகை வருகிறது. லைப்ரரி பட்டனின் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அது உங்கள் கால்பேக்கை, அதாவது ‘அழுத்தினால் கூப்பிடு’ என்று நீங்கள் கொடுத்து வைத்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. கால்பேக் டயலாக்கை அழிக்கிறது. டயலாக் சாகும்போது தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. அதில் இந்தப் பட்டனும் ஒன்று. கால்பேக் முடிந்து, விட்ட இடத்துக்கே, பட்டனின் ஃபங்ஷனுக்கே திரும்புகிறது. அடுத்த வரியில் அது ‘அழுத்திய நிலையை நீக்கு, என்னை மறுபடி வரை’ என்கிறது. எந்த ‘என்னை’? ஃப்ரீ செய்த மெமரியில் பழைய மதிப்பு பெரும்பாலும் கலையாமல் கிடக்கும், அதனால் ஓடிவிடும். இடையில் வேறு யாராவது அந்த இடத்தை மாலாக்கில் வாங்கியிருந்தால் கதை முடிந்தது. ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும், ஃப்ரீ செய்த மெமரியைத் தொட்டால் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இருக்கிறது. அதைப் போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள், முதல் அழுத்தலிலேயே வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. நான் பால் சொசைட்டிகளுக்குத் திரை செய்து கொடுப்பவன். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காலையில் சொசைட்டி வாசலில் கேனும் தூக்குமாக வரிசை நிற்கும். பால் அளக்கும் அக்கா லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து ‘சரி’ தட்டினால் சீட்டு வரும். பிரிண்டர் ஒரு நொடி தயங்கினால் போதும், விரல் மறுபடி இறங்கும். வரிசையில் நிற்கும் யாராவது ‘நல்லா அமுக்குங்க சேச்சி’ என்பார்கள். அங்கே முன்பு இருந்த ஒரு மெஷினில் இந்த இரண்டாவது தட்டுதான் எமன். இரண்டு தட்டும் மெஷினின் நிகழ்வு வரிசையில் ஏறிவிடும், இரண்டிலும் பட்டனின் பாயிண்டர் அப்படியே இருக்கும். முதல் தட்டு டயலாக்கைக் கொன்றுவிடும். இரண்டாவது தட்டு பிணத்தின் முகவரிக்குப் போகும். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, ஃபேட் பார்க்கும் கருவி சூடாகி வருவதற்குள் வரிசை ரோட்டைத் தொட்டுவிடும்.

வைத்தியம் மூன்று. சாவை இரண்டு படியாக்குங்கள். முதல் படியில் பொருள் மரத்திலிருந்து பிரிகிறது, கால்பேக்குகளைக் கழற்றுகிறது, இனி எதற்கும் பதில் சொல்லாது. ஆனால் மெமரி இருக்கும். இரண்டாம் படியில்தான் ஃப்ரீ. லினக்ஸில் பரவலான ஜிடிகே என்ற பட்டன்-ஜன்னல் லைப்ரரியின் அடியில் இருக்கும் ஜிஆப்ஜெக்ட்டில் இவற்றுக்கு டிஸ்போஸ், ஃபைனலைஸ் என்று பெயர். விண்டோஸிலும் ஒரு ஜன்னல் சாகும்போது இரண்டு மெசேஜ் வரும்: டபிள்யூஎம் டிஸ்ட்ராய் பிள்ளைகளுக்கு முன்னால், டபிள்யூஎம் என்சிடிஸ்ட்ராய் பிள்ளைகள் போன பிறகு. இத்தனை பேர் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருப்பதைக் கவனியுங்கள்.

அப்புறம், ஒரு தொடுகையைக் கையாண்டு முடிக்கும் வரை இரண்டாம் படியை நிறுத்தி வையுங்கள். செத்தவற்றை ஒரு பட்டியலில் சேர்த்து, நிகழ்வுச் சுழல் அடுத்த சுற்றுக்கு வரும்போது ஒட்டுமொத்தமாக ஃப்ரீ செய்யலாம். எல்விஜிஎல்-இல் ‘பிறகு அழி’ என்று தனி ஃபங்ஷனே உண்டு.

மூன்றாவது, நிகழ்வு வரிசையில் பாயிண்டரை ஏற்றாதீர்கள், எண்ணை ஏற்றுங்கள். 32 பிட் எண்ணில் 20 பிட் இருக்கை (பொருள்களின் பட்டியலில் அதன் இடம்), 12 பிட் தலைமுறை. ஒரு பொருள் செத்து அதே இருக்கையில் வேறு பொருள் வந்தால் தலைமுறை ஒன்று கூடும். பழைய எண்ணோடு வரும் தொடுகைக்குத் தலைமுறை ஒத்துப்போகாது, பேசாமல் தள்ளிவிடலாம். பத்து லட்சத்துக்கு மேல் இருக்கை கிடைக்கும். 4,096 தடவைக்கு ஒருமுறை தலைமுறை சுற்றி வரும். ஒரு பால் சொசைட்டிக்கு இது தாராளம். லினக்ஸ் டெஸ்க்டாப் செய்யும் என்லைட்டன்மென்ட் குழுவினரின் இயோ என்ற பொருள் அமைப்பிலும் வெளியே கொடுப்பது நிஜப் பாயிண்டர் இல்லை, இந்த மாதிரி ஓர் அடையாளம்தான்.

அடியடுக்கில் அடையாள எண் வையுங்கள் என்று குப்பத்து மாணவிக்குச் சொன்னது இதற்காகத்தான்.

ரெஃபரன்ஸ் கவுண்ட் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்கிறார் நண்பர். நிஜமா?
– வாசகர், நகரி

ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்குதான் ரெஃபரன்ஸ் கவுண்ட்; பூஜ்யமானால் பொருளை ஃப்ரீ செய்யலாம். தொல்லை போகாது, இடம் மாறும். தாய் பிள்ளையைப் பிடித்திருக்கிறாள், பிள்ளை தாயைப் பிடித்திருக்கிறது என்றால் இருவர் கணக்கும் பூஜ்யத்துக்கு வரவே வராது. அதனால் பிள்ளையிடமிருந்து தாய்க்குப் போகும் பாயிண்டரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று விதி. சரி, புதிதாகப் பிறந்த பட்டனின் கணக்கு யாருடையது? நீங்கள் பட்டனை உண்டாக்கி நேராகப் பெட்டிக்குள் போடுகிறீர்கள். உண்டாக்கியவர் ஒன்று, பெட்டி ஒன்று, ஆக இரண்டு. உண்டாக்கியவர் தன் ஒன்றை விட மறந்தால் அது சாகாவரம் பெற்ற பட்டன்.

ஜிடிகே இதற்கு ‘மிதக்கும் ரெஃபரன்ஸ்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தது. பிறந்த பட்டனின் முதல் கணக்கு யாருக்கும் சொந்தமில்லாமல் மிதக்கும். பெட்டி அதை எடுத்து அமிழ்த்திக்கொள்ளும். எழுதுகிறவனுக்கு வசதிதான். ஆனால் 2002-இல், ஜிடிகே-யின் அடித்தள லைப்ரரியான ஜிலிப் 2.0-வோடு பொருள் அமைப்பை ஜிடிகே-யிலிருந்து பிரித்து ஜிஆப்ஜெக்ட் என்று பொதுவாக வைத்தபோது, திரையோடு சம்பந்தமே இல்லாத பொருள்களுக்கு எதற்கு மிதப்பு என்ற கேள்வி வந்தது. அடியில் மிதப்பு இல்லை. பிற்பாடு 2.10-இல், மிதப்பு வேண்டியவர்களுக்கு மட்டும் தனித் தாய் ஒன்று ஜிலிப்புக்கு வந்தது. வேறு மொழிகளிலிருந்து ஜிடிகே-வுக்குப் பாலம் கட்டியவர்களைக் கேட்டால் இந்த மிதப்பைப் பற்றி நல்ல வார்த்தை வராது.

என் கட்சி இது: விட்ஜெட்டுக்கு எஜமானர் ஒருவரே, அது தாய். தாய் போனால் பிள்ளை போச்சு. மற்றவர்கள் எல்லோரும் எண்ணை வைத்துக்கொண்டு விசாரிக்கட்டும். பத்து பட்டன்கள் பங்குபோடும் படம், எழுத்துரு, ஸ்டைல் இவற்றுக்கு மட்டும் கவுண்ட் வையுங்கள். அங்கே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் சிக்கல் வர வாய்ப்பே இல்லை, ஏனென்றால் படம் பட்டனைச் சுட்டாது.

சி++ இருக்கும்போது இந்தக் கூத்தெல்லாம் எதற்கு?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

நியாயமான கேள்வி. கூத்து பிடிக்காவிட்டால் சி++ போங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. சி-யில் எழுதினால் பைத்தான், லுவா, ரஸ்ட் எதிலிருந்தும் நேராகக் கூப்பிடலாம்; ஃபங்ஷன் பெயரைக் கம்பைலர் சிதைக்காது. ஜிடிகே-வுக்கு இத்தனை மொழிகளில் பாலம் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கால்பேக்கில் வரும் டேட்டாவில் குப்பை மதிப்பு இருக்கிறது. கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை.
– கல்லூரி ஆசிரியை, செங்கோட்டை

கேஸ்ட் போட்டு கம்பைலரின் வாயை நீங்களே கட்டியிருப்பீர்கள். ஜிடிகே-3-இல் பட்டனின் ‘கிளிக்ட்’ சிக்னலுக்கு இரண்டு ஆர்குமெண்ட்: பட்டன், உங்கள் டேட்டா. ஜன்னலை மூடும் ‘டிலீட்-ஈவென்ட்’டுக்கு மூன்று: ஜன்னல், நிகழ்வு, டேட்டா. இரண்டுக்கும் ஒரே கால்பேக்கைப் பயன்படுத்தினால், மூடும்போது இரண்டாவது இடத்தில் நிகழ்வின் பாயிண்டர் வந்து உட்கார்ந்திருக்கும். அதை உங்கள் டேட்டா என்று நம்பிப் படித்தால் குப்பைதான். எல்லாக் கால்பேக்கையும் ஒரே பொது வகையாக மாற்றும் மேக்ரோ நடுவில் இருப்பதால் கம்பைலருக்கு எதுவும் தெரியாது.

சொந்த லைப்ரரியில் இதைத் தவிர்ப்பது சுலபம், எல்லாக் கால்பேக்குக்கும் ஒரே உருவம். ஒரே ஆர்குமெண்ட், ஒரு நிகழ்வு ஸ்ட்ரக்ட்டின் பாயிண்டர். எந்தப் பொருள், என்ன நிகழ்வு, உங்கள் டேட்டா எல்லாம் அதற்குள். சிக்னல் பெயரை எழுத்துச் சரமாக வைக்காமல் ஈனம் (enum) எண்ணாக வையுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் கம்பைல் ஆகும்போதே மாட்டும். இன்னொன்று: கால்பேக் பட்டியலில் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கால்பேக் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். அப்போது உடனே நீக்காமல் ‘கழன்றது’ என்று குறித்து வைத்து, சுற்று முடிந்ததும் துடைக்கவும்.

என் செயலியில் மலையாளம்-தமிழ் மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் சில லேபிள் மாறுகிறது, சில பழைய அகலத்திலேயே வெட்டுப்பட்டு நிற்கிறது. இதைத் தாய்ப் பொருளில் தீர்க்க முடியுமா?
– வாசகர், களியக்காவிளை

முடியும், ஆனால் தாயில் எழுத்தைக் கொண்டுபோய் வைப்பது தீர்வில்லை. எல்லைப்புறத்தில் இந்த மாற்று பட்டன் இல்லாமல் திரை விற்க முடியாது. எங்கள் சொசைட்டிகளில் செக்ரட்டரி மலையாளம் படிப்பார், பால் ஊற்றுகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்தான் படிப்பார்கள்.

கிளாஸ் மேஜையில் ‘சூழல் மாறியது’ என்று ஒரு ஃபங்ஷன் சேருங்கள். மொழி மாறினால் வேரிலிருந்து மரம் முழுக்க ஒரு நடை. லேபிள் தன் சரத்தைப் புதிதாக எடுக்கும். மற்றவை எதுவும் செய்யாது, தாயின் காலி ஃபங்ஷனே ஓடும். உங்கள் லேபிள் வெட்டுப்படுவதற்குக் காரணம், அளவை ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்து வைத்ததை யாரும் செல்லாது என்று அறிவிக்கவில்லை. லேபிள் சரம் மாறியதும் தன் மேல் ‘அளவு பழசு’ என்ற ஃபிளாக்கை ஏற்றி, அதையே தாய், பாட்டி என்று வேர் வரை ஏற்ற வேண்டும். ஏற்கெனவே ஃபிளாக் ஏறிய தாயைக் கண்டால் அங்கேயே நின்றுவிடலாம். மேலே எல்லோருக்கும் சேதி போயிருக்கும். அடுத்த வரைதலுக்கு முன் ஒரே தடவை அளந்துகொள்ளட்டும். தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுத்துகளை எண்ணி அகலம் கண்டுபிடிக்கவே முடியாது. கொம்பும் காலும் சேர்ந்து ஷேப்பிங், அதாவது எழுத்துகளைத் திரை வடிவமாகக் கோப்பது, முடிந்த பிறகுதான் அகலம் தெரியும், ஹார்ஃப்பஸ் போன்ற ஷேப்பிங் லைப்ரரியிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பண்புகளையெல்லாம் சரமாகவே வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரேசிலின் ரியோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவான ஐயுபி லைப்ரரி அப்படித்தான்: பெயர் ஒரு சரம், மதிப்பு ஒரு சரம். அங்கேயே பிறந்த லுவா மொழியோடு அது பிசிறில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. ஸ்கிரிப்ட்டில் திரை எழுதுவதானால் நல்ல வழி. சி-யில் மட்டும் எழுதப் போகிறீர்கள் என்றால் நேரடி ஃபங்ஷனே போதும்.

என் லைப்ரரியின் புதிய பதிப்பில் தாய் ஸ்ட்ரக்ட்டில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதைப் பயன்படுத்தும் நண்பர்களின் பழைய ப்ரோக்ராம்கள் எல்லாம் கன்னாபின்னாவென்று ஓடுகின்றன.
– மென்பொருள் பணியாளர், கம்பம்

தாய் எட்டு பைட் பெருத்தால் பிள்ளைகளின் எல்லா உறுப்பும் எட்டு பைட் தள்ளிப் போகும். நண்பர்களின் ப்ரோக்ராம்கள் பழைய கணக்கிலேயே கம்பைல் ஆனவை. மறுபடி கம்பைல் செய்தால் சரியாகிவிடும். செய்ய முடியாது என்பதுதானே உங்கள் வழக்கு.

ஹெடர் ஃபைலில் ஸ்ட்ரக்ட்டின் உடலைக் காட்டாதீர்கள், பெயரை மட்டும் காட்டுங்கள். உறுப்புகளைத் தொட ஃபங்ஷன் கொடுங்கள். ஜிடிகே பல ஆண்டுகள் உடலைத் திறந்து வைத்திருந்தது. 2008-இல் வந்த 2.14-இல் உறுப்புகளுக்கு முத்திரை வைக்க ஆரம்பித்து, 3-இல்தான் உள்ளே மறைக்க முடிந்தது. கிளாஸ் மேஜையின் கடைசியில் சில காலி ஃபங்ஷன் பாயிண்டர்களை ‘பிற்பாடு பார்க்கலாம்’ என்று விட்டு வைப்பதும் அவர்கள் வழக்கம். அசிங்கமாகத்தான் இருக்கும், விட்டு வையுங்கள். வெளியாட்கள் உங்கள் பட்டனிலிருந்து புதுக் கிளாஸ் உண்டாக்கவே தேவையில்லை என்றால் அந்த வழியை முழுசாக அடைத்துவிடலாம். ஜிடிகே-4 பல கிளாஸ்களில் அப்படி அடைத்திருக்கிறது.

பொருளே வேண்டாம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு வரைந்தால் போதும் என்கிறார்களே, இம்மீடியட் மோட்?
– மாணவர், சித்தூர்

கேம் எடிட்டர், சோதனை ஜன்னல் போன்றவற்றுக்கு அருமை. சி-யில் நியூக்ளியர் என்ற ஒரே ஹெடர் ஃபைல் லைப்ரரியை எடுத்து இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள். ஆனால் ஸ்க்ரோல் எங்கே நின்றது, கர்சர் எந்தப் பெட்டியில் இருந்தது என்பதை யாராவது நினைவில் வைத்துத்தானே ஆக வேண்டும். அது உள்ளே ஓர் அட்டவணையில் இருக்கும், பெயரிலிருந்து செய்த எண்ணைச் சாவியாக வைத்து. பார்வையற்றோருக்கான ஸ்க்ரீன் ரீடர் கேட்டால் கொடுக்கவும் நிலையான ஒரு மரம் வேண்டும். பேட்டரியில் ஓடும் திரை என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் வரைவது கட்டுப்படியாகாது.